சம்பந்தி தந்த எரு

“இல்லீங்க பீகரே, சாயங்காலம்தான் தண்ணி ஊத்தணும்னு ஒண்ணும் கெடையாது. எப்போ வேணும்னாலும் ஊத்தலாம். தண்டு மேல மட்டும் ஊத்தாதீங்க. இது தண்ணித் தண்டு. மேல பட்டா அழுவிப் போயிரும்.”

பரமசிவம் தண்ணீரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “வாங்க சம்பந்தி, பஸ்ல கூட்டமா?” என்றுதான் கேட்டார். அதற்கான பதில் காப்பி குடிக்கும்போது வரலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் வரலாம். சென்னப்பனிடம் கேட்கிற கேள்விகள் ஒரு பக்கம் காத்துக்கொண்டு நிற்கும். அவர் சொல்கிற பதில்கள் வேறு பக்கம் நடந்துகொண்டிருக்கும்.

ஞாயிறு ஆனால் தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். செருப்பைத் தெருவிலேயே விடுவார். பீன்ஸும் முட்டைக்கோசும் பிதுங்குகிற பையைக் கேட்டுக்கு உள்பக்கம் போடுவார். அது சாய்ந்து, பீன்ஸ் சிதறும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முழங்கால் மேல் போட்டுக்கொண்டு, முன்வாசலில் நிற்கிற காசித்தும்பைச் செடிகளுக்கு நடுவில் குந்திவிடுவார். வீட்டுக்குள் கால் வைக்க இன்னும் வெகுநேரம் ஆகும். அதுவரை பரமசிவமும் நிற்க வேண்டும். சம்பந்தி வாசலில் இருக்கும்போது வீட்டுக்காரன் உள்ளே போய் நாற்காலியில் உட்காரவா முடியும்?

சம்பந்தியைக் கன்னடத்தில் பீகர் என்பார்கள். சென்னப்பனுக்குத் தமிழும் வரும், கன்னடமும் வரும், சந்தையில் தெலுங்கும் வரும். எதிலும் அவரிடம் ‘சரி, நீங்கள் சொல்லுங்கள்’ என்பதற்கு மட்டும் வார்த்தை கிடையாது. பேச்சை முடிக்க “ஆயித்து” என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறினால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். அவருக்கு முடிந்தது.

பரமசிவத்தின் வீடு ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. சாமல்பட்டியிலிருந்து பிழைக்க வந்து, ஒரு கம்பெனி ஸ்டோர்சில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். அவர் கையில் எந்தச் சாமானும் கலந்து கிடக்காது. வீட்டிலும் அப்படித்தான். துடைப்பத்துக்கு ஒரு ஆணி, குடைக்கு ஒரு ஆணி. வாசல் முழுக்க பேவர் கல் போட்டு, வண்டி ஒரு பக்கம், துளசி ஒரு பக்கம் என்று ஒழுங்காக வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கல்லும் வந்து சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. போடுகிற மேஸ்திரி முத்துக்குமார் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து “சார், எப்போ வரட்டும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பரமசிவம் மூச்சை இழுத்து விட்டு, “இன்னும் பூ இருக்குதுப்பா” என்பார். 

இந்தப் பூ வந்த கதையை நினைத்தாலே பரமசிவத்துக்குக் காது மடல் சூடாகும். தலைப் பிரசவத்துக்கு வந்த மகள் பிரியதர்ஷினிக்கு வைகாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிக்கிற அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் கவுன், சோப்பு டப்பா, வெள்ளிக் கொலுசு என்று கொண்டுவந்தார்கள். சென்னப்பன் ஒரு மூட்டை மாட்டு எருவோடு வந்து இறங்கினார். பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையின் மீதி அவர் முகத்தில் இருந்தது.

“பேத்தி பொறந்த வூட்டுக்கு வெறுங்கையோட வர முடியுங்களா? மக்குன எரு. கையில எடுத்தா காப்பித்தூளாட்டம் இருக்கும்.”

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்ததை மூலையில் தள்ளி வைக்க முடியுமா? அதிலும் இது கம்பெனியில் பார்த்துப் பழகிப் பிள்ளைகளே முடிவு செய்த கல்யாணம். இரண்டு வீடும் இன்னும் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். மறுநாளே பரமசிவம் மூட்டையை அவிழ்த்தார். கேட்டிலிருந்து படிவரை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, ஓர் இடமும் விடாமல் எருவை இழுத்து, பலகை வைத்து மட்டம் பார்த்துப் பரப்பினார். ஸ்டோர்ஸ்காரர் கை. ஒரு பிடிகூட ஏற்றத்தாழ்வு இல்லை. மழை பெய்தது. அடுத்த வாரம் வாசல் முழுக்க அதே ஒழுங்கோடு பச்சையாக முளைத்து நின்றது.

அவர் மனைவி சரோஜம்மாள் கீரை என்று நினைத்து, பருப்பு போட்டுக் கடையலாமா, பொரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமை வந்தது.

“அய்யய்யோ, இது காசித்தும்பை தங்கச்சி! எங்க பக்கம் கர்ணகுண்டலம்பாங்க. எருக்குழி மேட்டுல யாரும் போடாமலே வரும். காயி வெடிச்சி வெதை எருவுக்குள்ள வுழுந்திருக்குது.” சென்னப்பன் வாசலை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு பரமசிவத்தைப் பார்த்தார். “ஒரு மூலையில போடறதுக்குத்தான் கொண்டாந்தேன். இத்தினி நேரா எதுக்குங்க இழுத்து வுட்டீங்க?”

பரமசிவம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். “புடுங்கிரட்டுங்களா?”

“பேடா, பேடா! வேணாங்க. தானா வந்ததைப் புடுங்குவாங்களா?”

ஆனால் அவரே பிடுங்கினார். ஒரு சாண் இடம் விட்டு ஒரு நாற்று, நடுவில் இருந்ததெல்லாம் வெளியே. கூட்டமாக விட்டால் குச்சி குச்சியாக உயர்ந்து சாய்ந்துவிடுமாம், பூக்காதாம். பிடுங்கியதைத் தூக்கிப் போட்டிருந்தாலாவது பரமசிவம் மன்னித்திருப்பார். காம்பவுண்டுக்கு வெளியே, சாக்கடை ஓரம், கரண்ட் கம்பத்தடி, பக்கத்து வீட்டுக் கேட் சந்து என்று எல்லா இடத்திலும் விரலால் குத்திக் குத்தி ஊன்றிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பக்கத்து வீட்டு வினோதா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு, “அங்கிள், உங்க சம்பந்தி எங்க வீட்டையும் விடலையா?” என்று கேட்டாள். பரமசிவம் அதற்கும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்.

ஆவணியில் பூத்தது. சிவப்பு, ரோஸ், வெள்ளை, ஊதா, கூடவே எந்தக் கலரிலும் சேராத ஒரு கலவை. வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் செடி பேன்ட்டில் உரசும். வளைந்த கிளை டப்பென்று நிமிரும். பனித்துளி முகத்தில் அடிக்கும். ஷிப்டுக்குக் கிளம்புகிற மனிதன் தினமும் காலையில் ஒரு பூச்செடியிடம் அடி வாங்கிக்கொண்டு போவது என்ன நியாயம் என்று சரோஜம்மாளிடம் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. கை கால் கழுவிக்கொண்டு சென்னப்பன் ஒருவழியாக உள்ளே வந்ததும் குழந்தையைக் கேட்பார். ஹரிணி, வாரம் முழுக்கப் பரமசிவத்தின் தோளில் கிடந்து அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்த ஹரிணி, அவர் நாலு பாட்டுப் பாடினாலும் தூங்காத ஹரிணி, எருவும் வெற்றிலைப்பாக்கும் மணக்கிற அந்தத் தோளில் போட்டதும் கண்ணை மூடிவிடுவாள். அவளைத் தூக்கிக்கொண்டு சென்னப்பன் மறுபடியும் வாசலுக்கே போவார். “இதா பாரு கூசு, எங்கண்ணு, இது அடுக்குப் பூவு. இது ஒத்தைப் பூவு. அடுக்கு வெதை போட்டாலும் ஒத்தையும் வரும். கேட்டியா?” தூங்குகிற குழந்தை என்ன கேட்கும்? பரமசிவம் படியில் நின்று தன் வெறும் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், சிதறிய பீன்ஸைப் பொறுக்குவார்.

மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில், கேட்க வேண்டிய முறைக்காக, சரோஜம்மாள் கேட்டாள். “அண்ணா, பாப்பாவை எப்போ கூட்டிட்டுப் போறீங்க? நாள் பாத்துச் சொன்னா நாங்களும் தயாரா இருப்போம்.”

இந்தக் கேள்விக்கு மட்டும் சென்னப்பன் உடனே பதில் சொன்னார். “நாளு என்ன நாளு தங்கச்சி. எங்கூர்ல இப்போ சில்லுனு தூறிகினே கெடக்குது. பிஞ்சு ஒடம்புக்கு ஆவாது. இந்தப் பூவு முடியறப்போ தூறலும் நின்னுரும். பூ நின்னு, காயெல்லாம் வெடிச்சி, செடி மஞ்சளாகிச் சாஞ்சதும் வண்டி எடுத்துகினு வர்றேன். ஆயித்து.” துண்டை உதறினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பரமசிவம் வாசலில் வெகுநேரம் நின்றார். அதுவரை எப்போது ஒழியும் என்று பார்த்துக்கொண்டிருந்த செடிகள். பூ பாதி உதிர்ந்து, அடியில் பச்சைக் காய்கள் தொங்க ஆரம்பித்திருந்தன. அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, கிள்ளிச் சட்டைப் பையில் போட்டார்.

வாடின பூவையும் பிஞ்சுக் காயையும் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி மறுபடியும் மறுபடியும் பூக்கும். இதையும் சென்னப்பன்தான், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே சொல்லியிருந்தார். காய் வைத்தால்தான் செடிக்கு வேலை முடிந்தது என்று தெரியுமாம். முடிந்தது என்று அதற்குத் தெரியவிடக் கூடாது. பரமசிவம் வேறொன்றும் கணக்குப் போட்டார். கார்த்திகை வரைக்கும் இழுத்துவிட்டால் தளிக் குளிரில் கைக்குழந்தையை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். அப்புறம் தை பிறக்கிறவரை பயமில்லை.

ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு சுற்று, வந்தபின் ஒரு சுற்று. ஸ்டோர்சில் பேனா எடுக்கப் பைக்குள் கைவிட்டால் காய் வெடிக்கும். வாஷர் டப்பாவுக்குள் விதை விழும். அவர் பொறுக்கி எடுப்பார். புரட்டாசி வந்தது. ஊரில் மற்ற காசித்தும்பை எல்லாம் பழுத்துச் சாய்ந்தன. கரண்ட் கம்பத்தடியில் நின்றதுகூடக் காய்ந்தது. பரமசிவம் வீட்டு வாசல் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

சென்னப்பன் குந்தினார். ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். “ஒரு காயையும் காணோமே?”

“அணில் சம்பந்தி. ரொம்பத் தொந்தரவு.”

“அணிலுங்களா?” அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “எங்கூரு அணிலு இதைத் தொடாதுங்க. ஓசூரு அணிலுக்குக் கேன்டீன் சோறு சலிச்சிப் போச்சாட்டம் இருக்குது.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சென்னப்பன் எதுவும் சொல்லாமல் இருந்தது பரமசிவத்தை வாரம் முழுக்க அரித்தது. இந்த மனிதர் பேசினாலும் தொல்லை, பேசாவிட்டால் அதைவிடத் தொல்லை.

கண்டுபிடித்தது பிரியதர்ஷினிதான். கொடியில் போடுவதற்காக அப்பாவின் யூனிபார்ம் சட்டையை உதறினாள். பைக்குள்ளிருந்து பச்சைக் காய்கள் விழுந்து கால்மேல் வெடித்தன. ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

“ஏம்ப்பா, நீதான் அந்த அணிலா?”

பரமசிவம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் போய் டிவியை நிறுத்தினாள்.

“நான் எங்க வீட்டுக்குப் போறதை ஒரு செடியா முடிவு பண்ணும்? அவரு கம்பெனியில இருந்து வந்து தினமும் போன்லதான் பாப்பா மூஞ்சியைப் பாக்கறாரு. அத்தைக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது. அவங்க இன்னும் கொழந்தையைத் தொட்டதே இல்லப்பா. போனை எடுத்தா, ‘இன்னும் பூ முடியலையா கண்ணு’னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

நஞ்சம்மாவை, சென்னப்பனின் மனைவியை, பரமசிவம் கல்யாணத்தில் பார்த்ததுதான். படி ஏற முடியாமல் மண்டபத்தின் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த பெண். இத்தனை மாதமாக அவள் நினைப்பே தனக்கு ஒரு தடவைகூட வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “நான் என்ன வேணும்னா பண்றேன்?” என்று முனகினார். வேண்டுமென்றுதான் செய்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரோஜம்மாள் அடுக்களையில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

பிரியதர்ஷினி மாமனாருக்குப் போன் செய்தாள். வழக்கமான ஞாயிறு அல்ல, ஒரு புதன்கிழமை காலை, பரமசிவம் ஷிப்டுக்குக் கிளம்பிக் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டுகிற நேரம், வாசலில் ஓர் ஆம்னி வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை ஹரீஷ்குமார் ஓட்டிவந்திருந்தான். சென்னப்பன் பின்கதவைத் திறந்து ஒரு மூட்டையை இறக்கினார்.

“இல்லீங்க பீகரே, இந்தத் தடவை பஸ்ல கொண்டாரலை. அந்தக் கண்டக்டரோட யாரு மல்லுக்கட்டறது?”

யாரும் கேட்கவில்லை. மூட்டையிலிருந்து வந்த வாசனையிலேயே அது என்ன என்று பரமசிவத்துக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் எரு.  பிள்ளையைக் கொண்டுபோகிற நாளில் ஒரு மனிதன் எருவைத் தூக்கிக்கொண்டு வருவானா?

உள்ளே பைகள் கட்டினார்கள். தொட்டில் சேலை, பால் புட்டி, வசம்பு வளையல். சரோஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சென்னப்பன் உள்ளே வரவில்லை. பூத்துக் குலுங்குகிற வாசலில் குனிந்து குனிந்து நடந்தார். இலையைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார்.

“அணிலு நல்லா வேலை செஞ்சிருக்குது. மண்ணுல ஒரு வெதை வுழலை. இந்தப் பூவோட சரி. வர்ற வருசம் இந்த வாசல்ல ஒரு மொளைகூட வராது.”

பரமசிவம் குனிந்து மண்ணைப் பார்த்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை. பூவை முடியவிடாமல் நிறுத்தி வைத்தவர், விதையை ஒழித்துவிட்டிருந்தார்.

“அதுக்குத்தான் இது.” சென்னப்பன் மூட்டையைக் காலால் சுவரோரம் நகர்த்தினார். “எருக்குழி மேட்டுலயே அள்ளுனது. இப்போ போட்டுறாதீங்க. நனையாம வெச்சிருங்க. வைகாசியில மொத மழைக்கு முன்னால போடுங்க. ஒரு மூலையில போடுங்க பீகரே. பலகை எல்லாம் வெச்சி மட்டம் பாக்காதீங்க. மொளை வந்ததும் ஒரு போன் பண்ணுங்க. பேத்தியைக் கொண்டாந்து வுட்டுட்டுப் போறேன். பூ முடியற வரைக்கும் அவ இங்கதான். காயைக் கிள்ளாம இருந்தாச் சரி.”

பிரியதர்ஷினி குழந்தையோடு வந்தாள். சென்னப்பன் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, நீட்டிய கையை மடக்கித் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். “அவருகிட்டக் குடும்மா. வண்டியில பொருளை ஏத்தணும்” என்று ஹரீஷ் ஏற்கெனவே ஏற்றி முடித்திருந்த பைகளை இறக்கி, மறுபடியும் ஏற்ற ஆரம்பித்தார்.

ஹரிணி பரமசிவத்தின் கழுத்தில் தொங்கிய அட்டையின் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். எச்சில் வழிந்து அவர் போட்டோவின் மேல் ஒழுகியது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் அசையவில்லை. கடைசியில் சரோஜம்மாள்தான் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

வேன் கிளம்பி, கரண்ட் கம்பம்வரை போய், நின்றது. பின்னோக்கியே வந்தது. சென்னப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பரமசிவத்தைப் பார்க்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பேவர் கல்லைப் பார்த்தார்.

“அந்தக் கல்லு இனிமே உங்களுக்கு எதுக்குங்க பீகரே? ஞாயித்துக்கெழமை டெம்போ கொண்டாறேன். எங்க மாட்டுக் கொட்டாய்ல போட்டுக்கறோம்.”